லெட்டுஸ் பாத்தியும் நீலச் சுவரும்

ஆண்டியப்பன் ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் முதலில் மீசையைத் தடவுவார். அடுத்து, அந்த முடிவை அமிர்தவல்லியிடம் எப்படிச் சொல்வது என்று யோசிப்பார். இந்த இரண்டாவது வேலைதான் எப்போதும் நேரம் பிடிக்கும். அன்றைக்குத் திருமயத்திலிருந்து வண்டி ஓட்டி வந்தவர் ஊர் எல்லைவரை யோசித்தார். மாட்டை அவிழ்த்துக் கட்டும்போதும் யோசித்தார். சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, ரசத்துக்குப் பிறகு சொல்லிவிடுவது என்று தீர்மானித்து, மோருக்குப் பிறகு சொன்னார்.

லெட்டுஸ் பயிரிடப் போகிறார். அதுதான் முடிவு.

லெட்டுஸ் என்பது வேகவைக்காமல் பச்சையாகத் தின்கிற ஒரு கீரை. வெள்ளைக்காரன் போய்ப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, அவன் தின்ற இலை மட்டும் பெரிய வீடுகளில் தங்கிவிட்டது. திருமயம் பக்கத்தில் மலேயாவில் வியாபாரம் செய்கிற ஒரு செட்டியார் வீடு இருந்தது. ஆண்டியப்பன் அங்கே கத்தரியும் வெண்டையும் கொண்டுபோய்ப் போடுவது வழக்கம். தை மாதம் அந்த வீட்டில் கல்யாணம். பினாங்கிலிருந்து கூட்டாளித் துரை ஒருவர் வருகிறார், அவருக்கு இந்த இலை இல்லாமல் சாப்பாடு இறங்காதாம். பெங்களூரிலிருந்து ரயிலில் வரவழைத்துப் பார்த்தார்கள். கூடையைத் திறந்தால் எல்லாம் துவண்டு கிடந்தது. "நம்ம சரளை மண்ணுல இதெல்லாம் எங்க வரப்போகுது" என்று சமையல்காரர் ராமு பெருமூச்சு விட்டார். வினை அங்கேதான் ஆரம்பித்தது. வராது என்று யாராவது சொல்லிவிட்டால் ஆண்டியப்பனுக்கு அது வந்தே தீர வேண்டும். ராமுவிடம் இருந்த விதையில் ஒரு பொட்டலத்தை வாங்கி மடியில் கட்டிக்கொண்டுதான் வண்டி ஏறினார்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அமிர்தவல்லி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"எங்க போடப் போறீங்க?"

ஆண்டியப்பன் மோரைப் பார்த்தார். மோரில் பதில் இல்லை.

பதில் அவளுக்கே தெரியும். ராமு சொன்னது பொய்யில்லை, ஊர் முழுக்கச் செம்மண்ணும் சரளையும்தான். மண்வெட்டி போட்டால் கல்லில் பட்டுக் கை அதிரும். மிருதுவான கறுப்பு மண் என்று அவர்களுக்கு இருந்தது கிணற்றடியில் ஒரே ஒரு துண்டு. அதுவும் ஒரு காலத்தில் சரளைதான். அமிர்தவல்லி கல்யாணமாகி வந்த புதிதில் உட்கார்ந்து கல் பொறுக்கினாள். அதற்கப்புறம் அடுப்புச் சாம்பலும் சாணமும் கழுநீருமாக வருஷக்கணக்கில் கொட்டிக்கொட்டி அதை மண்ணாக்கினாள். அதில் தண்டுக்கீரையும் அரைக்கீரையும் போட்டு, வாராவாரம் கட்டுக்கட்டாகத் திருமயம் சந்தைக்குக் கொண்டுபோவாள். சந்தையில் வேப்பமரத்துக்குக் கீழே அவளுக்கென்று ஓர் இடம் உண்டு. கீரை விற்று வருகிற காசு பெரிதில்லை. அங்கே நாலு பேர் "அமிர்தம் வந்திருச்சா?" என்று தேடுவார்கள். அதுதான் அவளுக்குப் பெரிது. சாயங்கால பஸ்ஸில் ஊர்க்கதையெல்லாம் சுமந்துகொண்டு இறங்குவாள். அன்றைக்கு ராத்திரி வீடு கலகலவென்று இருக்கும்.

சண்டை வரும் என்று ஆண்டியப்பன் எதிர்பார்த்திருந்தார். அதற்காகச் சில நியாயங்களைத் தயார் செய்தும் வைத்திருந்தார். அமிர்தவல்லி சண்டைக்கு வராதது அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். மறுநாள் அவள் பக்கத்து ஊரிலிருந்து அண்ணன் தங்கமுத்துவை வரவழைத்தாள். தங்கமுத்து பேச்சில் சிக்கனக்காரர். ஒரு வார்த்தை போதும் என்கிற இடத்தில் தலையை ஆட்டி அதையும் மிச்சம் பிடிப்பார். அவரை நடுவில் உட்காரவைத்து அவள் சொன்னாள்:

"நெலத்தைத் தாரேன். ஆனா ஒரு பேச்சு. ஒங்க செடிக்குச் சீக்கு வந்துச்சுன்னா எடம் எனக்குத் திரும்பிறணும். வரலைன்னா அது ஒங்களுக்கே. பெறகு நான் அங்கிட்டுக் கீரை வெதைக்கணும்னு கேக்க மாட்டேன்."

தங்கமுத்து தொண்டையைச் செருமினார்.

"மாப்பிள்ளை, வெளையலைன்னான்னு அது சொல்லல. சீக்கு வந்தான்னுதான் சொல்லுது. யோசிச்சுக்கங்க."

ஆண்டியப்பன் யோசித்தார். கத்தரிக்கு வரும் சீக்கு தெரியும், மிளகாய்க்கு வருவது தெரியும். அதெல்லாம் உள்ளூர்ச் சீக்கு. லெட்டுஸோ கடல் தாண்டி வந்த இலை. இதன் விலாசம் உள்ளூர்ச் சீக்குக்கு எப்படித் தெரியும்? அவர் மீசையைத் தடவினார். வலது கையை நீட்டினார். தங்கமுத்துவின் உள்ளங்கையில் ஓங்கி அடித்துச் சம்மதம் சொன்னார். அந்தப் பக்கத்தில் கையடித்துச் சொன்னால் சொன்னதுதான். பத்திரத்தை மாற்றினாலும் மாற்றலாம், கையடித்ததை மாற்ற முடியாது.

கார்த்திகை மழை ஓய்ந்ததும் நாற்று விட்டார், மார்கழியில் பறித்து நட்டார். நெருக்கி நட்டார். ஒரு செடிக்கும் அடுத்த செடிக்கும் நடுவில் காற்று நுழைய வேண்டுமானால் அவரிடம் அனுமதி வாங்கித்தான் நுழைய வேண்டும். தினமும் சாயங்காலம் பூவாளியைத் தூக்கிக்கொண்டு இலைமேல் மழை பெய்வித்தார். செடிகளும் சும்மா சொல்லக்கூடாது, சுருள்சுருளாக இளம்பச்சையில் பாத்தி நிறைய விரிந்தன. போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். இதைக் கடைய வேண்டுமா பொரிக்க வேண்டுமா என்று கேட்டவர்களிடம், இதை மாடு மாதிரி அப்படியே தின்ன வேண்டும் என்று சொல்லி, அதிலும் ஒரு பெருமை கண்டார்.

வீடுதான் அமைதியாகிவிட்டது. சந்தை நாளன்று அமிர்தவல்லி பெருக்கின வாசலையே மறுபடி பெருக்கினாள். பஸ் ஹாரன் கேட்டதும் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள். சாப்பிடும்போது யார் வீட்டுக் கதையும் வரவில்லை. முதல் வாரம் ஆண்டியப்பனுக்கு இது சுகமாக இருந்தது. அடுத்த வாரம் அவரே ஏதோ ஊர்க்கதை சொல்லிப் பார்த்தார், அவருக்குச் சொல்ல வரவில்லை. அவள் முகத்தைப் பார்க்க என்னவோ போலிருந்தது. அது என்ன என்று விசாரிக்கப் போனால் பாத்தியைத் திருப்பிக் கேட்டுவிடுவாளோ என்று விசாரிக்காமல் விட்டுவிட்டார்.

பனி இறங்கத் தொடங்கியிருந்த ஒரு காலையில் பாத்திக்குப் போனவர் அப்படியே குந்திவிட்டார். கீழ் இலைகளில் மஞ்சள் மஞ்சளாகத் திட்டு. ஒன்றைத் திருப்பிப் பார்த்தார். அடியில் வெள்ளையாக மாவு தூவினது போலப் பூத்திருந்தது. அடுத்த செடியிலும் அதுவே. உள்ளூரோ வெளியூரோ, பூஞ்சைக்கு விலாசம் தெரிந்துவிட்டது.

முதலில் அவருக்குச் செடி நினைவு வரவில்லை, துரை நினைவும் வரவில்லை. தங்கமுத்துவின் உள்ளங்கைதான் கண்முன் வந்து நின்றது.

அமிர்தவல்லி தண்ணீர் எடுக்க வருகிற நேரம். மளமளவென்று திட்டு விழுந்த இலைகளையெல்லாம் கிள்ளினார். கிள்ளினதை எங்கே போடுவது? குப்பைக்குழி அவள் ராஜ்யம், சாணம் கொட்டப் போகும்போது பார்த்துவிடுவாள். ஆட்டுக்குப் போட்டால் பாதி தின்றுவிட்டு மீதியைச் சாட்சிக்கு வைத்திருக்கும். துண்டில் மூட்டையாகக் கட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு கண்மாய்க் கரைக்கு நடந்தார். கரைக்கு அப்புறம் குழி தோண்டிப் புதைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர் போல வேப்பங்குச்சியால் பல் துலக்கிக்கொண்டே திரும்பினார். மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும் அப்படியே. காலைக்கடனுக்குத் துண்டில் மூட்டை கட்டிக்கொண்டு போகிற மனுஷன் அந்த ஊரில் அவர் ஒருவர்தான். அமிர்தவல்லி ஒருநாள் மூட்டையைப் பார்த்தாள். என்ன என்று கேட்கவில்லை. கேட்காததை நினைத்து அவர் நிம்மதி அடைந்தார். கேட்காத பெண்டாட்டியைக் கண்டு நிம்மதி அடைகிற புருஷனுக்கு அனுபவம் பற்றாது.

அன்று மாலை அவள் பாத்திரங்களை அள்ளிக்கொண்டு கிணற்றடிக்கு வந்தாள். வீட்டு முற்றத்தில் வெளிச்சம் பற்றவில்லையாம், இனிமேல் சாயங்காலம் இங்கே உட்கார்ந்துதான் தேய்க்கப் போகிறாளாம். ஆண்டியப்பன் கையில் பூவாளியோடு நின்றார். நனைந்த இலையில் மஞ்சள் திட்டு பளிச்சென்று தெரியும். அவள் கண்ணெதிரே இலைமேல் தண்ணீர் தெளிப்பதும், "இந்தா பார்" என்று காட்டுவதும் ஒன்றுதான். பூவாளியைக் கீழே வைத்தார்.

"இனிமே காலையிலதான் தண்ணி. சாயங்காலம் ஊத்துனா செடிக்குச் சளி புடிச்சுக்கும்."

"செடிக்கா?"

"வெள்ளைக்காரச் செடி. நமக்குத் தெரியாத ஒடம்பு அதுக்கு."

அவள் தலையாட்டிவிட்டுப் புளியைப் போட்டுச் சொம்பைத் தேய்த்தாள். மறுநாளிலிருந்து அவர் விடிந்ததும் மாடு கட்டிக் கிணற்றிலிருந்து கவலை இறைத்தார். பூவாளியில் நிரப்பித் தெளிக்க நேரமில்லை, அவள் வருவதற்குள் முடிக்க வேண்டும். வாய்க்காலில் திறந்துவிட்டுத் தண்ணீரைச் செடியின் காலடியிலேயே ஓடவிட்டார்.

சில செடிகளில் கிள்ளிக்கிள்ளி ஒன்றும் மிச்சமில்லை. அவற்றை வேரோடு பிடுங்கி மூட்டையில் சேர்த்துவிட்டார். அப்போது பாத்தியில் இடைவெளி தெரிந்தது. அமிர்தவல்லி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்று பார்த்தாள்.

"என்னங்க, அங்கிட்டும் இங்கிட்டும் பொக்கை விழுந்து கெடக்கு?"

"நான்தான் எடுத்தேன். செடி பெருசா வரணும்னா எடம் விடணும். இதெல்லாம் ஒரு முறை."

"அப்படியா. அப்ப இந்த மூலையில ஒண்ணோட ஒண்ணு இடிச்சுக்கிட்டு நிக்குதே. இதுக்கு அந்த முறை இல்லையா?"

சொன்ன பொய்யை உண்மையாக்காமல் அவரால் அங்கிருந்து நகர முடியவில்லை. நல்ல செடிகளையும் ஒன்று விட்டு ஒன்றாகப் பிடுங்க வேண்டியதாயிற்று. அவள் பக்கத்திலேயே நின்று, இது நெருக்கம், அது நெருக்கம் என்று கை காட்டிக்கொண்டிருந்தாள். பாத்தியில் பாதி போய்விட்டது.

அதோடு விட்டாளா? பாத்திக்குக் கிழக்கே வரிசையாக அகத்தி நின்றது. குளிர்ச்சிக்கு நல்லது என்று அவர் போற்றி வைத்திருந்த நிழல். ஒருநாள் வயலிலிருந்து வந்து பார்க்கிறார், அகத்தியெல்லாம் மொட்டையடித்து நிற்கிறது. தங்கமுத்து அரிவாளைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஆட்டுக்குத் தழை இல்லை, அண்ணனை வெட்டச் சொன்னேன் என்றாள் அமிர்தவல்லி. மறுநாள் விடிந்ததும் வெயில் நேராகப் பாத்தியில் வந்து விழுந்தது. இலைமேல் நின்ற பனி சீக்கிரமே காய்ந்தது. ஆண்டியப்பன் அதைக் கவனிக்கவில்லை. வெளிச்சத்தில் திட்டுகள் இன்னும் நன்றாகத் தெரியுமே என்பதுதான் அவர் கவலை.

இனி மருந்துதான் கதி என்று பட்டது. மயில்துத்தம் என்கிற நீல உப்பையும் சுண்ணாம்பையும் தண்ணீரில் கலந்து அடித்தால் இலைப்பூஞ்சைக்கு ஆகும் என்று கிராம சேவகர் மரியசெல்வம் எப்போதோ ஒரு கூட்டத்தில் சொன்னது அரைகுறையாக நினைவிருந்தது. எவ்வளவு, எப்போது, எந்தப் பயிருக்கு என்பது நினைவில்லை. போய்க் கேட்கலாம் என்றால் மரியசெல்வம் சைக்கிளில் வீட்டுக்கே வந்து நின்று நலம் விசாரிக்கிற பிள்ளை. ஆகவே கேட்காமல் இரண்டையும் தாராளமாக வாங்கிவந்து வைக்கோல்போருக்குப் பின்னால் ஒளித்து வைத்தார். பொங்கலுக்கு முந்தின வாரம் மணமேல்குடிப் பக்கம் ஒரு துக்கத்துக்குப் போக வேண்டியிருந்தது. வந்ததும் அடித்துவிடுவது என்று திட்டம். அப்புறம் இரண்டே வாரத்தில் கல்யாணம், துரை அந்த இலையைக் கழுவிப் பச்சையாகத் தின்பார் என்பது ஏனோ அவர் திட்டத்தில் இடம் பெறவில்லை.

துக்கத்திலிருந்து திரும்பி வந்தவர் தெரு முனையிலேயே நின்றார். வீடு மாறி வந்துவிட்டோமோ என்று சந்தேகம். தெருவில் எல்லா வீடும் பொங்கலுக்கு வெள்ளையடித்து வெள்ளையாக இருந்தன. அவர் வீடு மட்டும் நீலமாக நின்றது. நீலமென்றால் சாதாரண நீலமில்லை, மயில் கழுத்து நீலம்.

அமிர்தவல்லி வெள்ளையடிக்கிற மட்டையும் கையுமாக வந்தாள்.

"சுண்ணாம்பு வாங்கி வச்சிருக்கிறதைச் சொல்லவே இல்லையே. வைக்கோல் பிடுங்கப் போனவ பாத்தேன். கூடவே நீலமும் வாங்கியிருந்தீங்க. ரெண்டையும் கரைச்சு அடிச்சுட்டேன். கொஞ்சம் தூக்கலாப் போச்சோ?"

அது நீலமில்லை என்று அவர் சொல்லியிருக்கலாம். சொன்னால் அது என்ன என்பார்கள். அது மயில்துத்தம் என்றால் எதற்கு என்பார்கள். ஆண்டியப்பன் சுவரைப் பார்த்தார். தன் மருந்து முழுவதும் பூஞ்சையே பிடிக்காத இடத்தில் பாதுகாப்பாக ஒட்டிக்கொண்டிருப்பதைக் கண்டார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார்.

மருந்து போனது, நம்பிக்கையும் போனது. பழக்கதோஷத்தில் விடியற்காலையில் கிள்ளுவதும் புதைப்பதும் வாய்க்காலில் தண்ணீர் விடுவதுமாக இருந்தார். ஆனால் மூட்டை நாளுக்கு நாள் சிறுத்தது. ஒருநாள் கிள்ளுவதற்குத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. நடுவிலிருந்து வந்த புது இலைகள் ஒரு திட்டும் இல்லாமல் விரிந்தன. இடம் கிடைத்த செடிகள் தாம்பாளம் அகலத்துக்கு வளர்ந்தன. ஆண்டியப்பன் ஓர் இலையை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, வெகுநாளைக்குப் பிறகு மீசையைத் தடவினார்.

கல்யாணத்துக்கு விடிகாலையில் அறுத்து, ஈரச்சாக்கில் பொதிந்து, திருமயத்துக்குக் கொண்டுபோனார். ராமு ஓர் இலையை ஒடித்தார். நொறுக்கென்று சத்தம் கேட்டது. துரை இரண்டு வேளையும் தின்றாராம். வராது என்று பெருமூச்சு விட்ட ராமு, பந்தியில் வருகிறவர்களிடமெல்லாம் இது நம்ம மண்ணில் விளைந்தது என்று சொன்னாராம். ராமு இதே விதையை வேறு இரண்டு ஊரிலும் கொடுத்துப் பார்த்திருந்தார். அங்கே எல்லாம் வெள்ளை பூத்து அழுகிப்போய்விட்டது என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து ஆண்டியப்பன் அமிர்தவல்லியிடம் ஒரே வார்த்தையில் முடித்தார். சீக்கு வரவில்லை. கையடித்தபடி இடம் தனக்கு.

"சரிங்க" என்றாள் அவள்.

அவ்வளவுதான். அழவில்லை, முகத்தைத் திருப்பவில்லை. கீரை விதை கட்டித் தொங்கவிட்டிருந்த துணி முடிச்சை உத்தரத்திலிருந்து இறக்கி உள்ளே எடுத்து வைத்தாள். ஆண்டியப்பனுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. ஜெயித்த பிறகு இப்படி இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. திருப்பிக் கொடுத்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. கொடுத்தால் ஏன் கொடுத்தீர்கள் என்பார்களே, சீக்கு வந்ததா என்பார்களே என்று அந்த நல்ல எண்ணத்தை அப்படியே விழுங்கினார்.

தை முடிவதற்குள் மரியசெல்வம் சைக்கிளில் வந்து இறங்கினார். திருமயத்தில் பிளாக் ஆபீஸ் மைதானத்தில் விவசாயிகள் கூட்டம், அண்ணன் அவசியம் வந்து பேச வேண்டும், மைக் வைக்கிறோம் என்றார். மைக் என்றதும் ஆண்டியப்பன் மறுக்கவில்லை. ஜரிகைத் துண்டைத் தேடினார். நானும் வாரேன் என்றாள் அமிர்தவல்லி. தங்கமுத்துவும் அங்கே வந்திருந்தார்.

பிளாக் அதிகாரி ஒருவர் ஆண்டியப்பனை அறிமுகப்படுத்தினார். வேறு இரண்டு ஊர்களில் இதே பயிரைப் போட்டவர்கள் அரும்பாடு பட்டும் பூஞ்சை நோய் அழித்துவிட்டது, பாவம் என்றார். ஆண்டியப்பன் தோட்டத்துக்கு மட்டும் நோய் எட்டிப் பார்க்கவே இல்லையாம், அது அவருடைய அதிர்ஷ்டம், சிலருக்கு அப்படி அமைந்துவிடுகிறது, இப்போது அந்த அதிர்ஷ்டக்காரர் இரண்டு வார்த்தை பேசுவார் என்று முடித்தார்.

அதிர்ஷ்டம். ஆண்டியப்பனுக்குக் காது சூடாகிவிட்டது. பனியில் நடுங்கிக்கொண்டு கிள்ளின விரல் யாருடையது? கண்மாய்க் கரையில் குழி தோண்டின கை அதிர்ஷ்டத்தின் கையா? அழுகவிட்டவன் உழைப்பாளி, காப்பாற்றினவன் அதிர்ஷ்டக்காரனா? எழுந்து போய் மைக்கைப் பிடித்தார்.

"அதிர்ஷ்டமும் இல்லை, ஒண்ணும் இல்லை. எனக்கும் சீக்கு வந்துச்சு. பாத்தி முழுக்க வந்துச்சு. நான்தான் வெரட்டுனேன்."

அப்புறம் யாராலும் அவரை நிறுத்த முடியவில்லை. அடியில் வெள்ளை பூத்ததை விவரித்தார். தினம் விடியலில் கெட்ட இலையைக் கிள்ளித் தோட்டத்துக்கு வெளியே புதைத்ததைச் சொன்னார். சாயங்காலம் இலைமேல் தண்ணீர் தெளித்தால் ராத்திரி முழுக்க ஈரம் நின்று பூஞ்சை பிடிக்கும் என்பதை, அந்த நிமிஷம்தான் அவருக்கே புரிந்திருந்தாலும், நெடுநாள் ஆராய்ச்சி போலச் சொன்னார். செடியைக் கலைத்து இடைவெளி விட்டது, நிழலை வெட்டி வெயில் விட்டது, பச்சையாகத் தின்கிற இலை என்பதால் அறுப்புச் சமயத்தில் மருந்தே தொடாதது, எல்லாம் அவர் யோசனை ஆகிவிட்டது. மரியசெல்வம் எழுந்து நின்று கைதட்டினார். மைதானமே தட்டியது.

தட்டாத கை இரண்டு பேருடையது. பெண்கள் வரிசையில் அமிர்தவல்லி முந்தானையைத் தோளில் இழுத்து மூடிக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருந்தாள். கடைசி வரிசையில் தங்கமுத்து தன் வலது உள்ளங்கையை மெதுவாகத் தூக்கி, அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆண்டியப்பனுக்குக் கையடித்த பேச்சு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வணக்கம் என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

திரும்பும் பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். திருமயம் கோட்டை பின்னால் போவதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். மனசுக்குள் ஒவ்வொன்றாக அடுக்கிப் பார்த்தார். முற்றத்தில் வெளிச்சம் எப்போதும் போலத்தான் இருந்தது, அவள் ஏன் கிணற்றடிக்குப் பாத்திரம் கொண்டுவந்தாள்? இது நெருக்கம் அது நெருக்கம் என்று கை காட்டினாளே. ஆட்டுக்கு வேலியிலேயே வேண்டிய தழை இருந்தது. நீலம் எப்படி இருக்கும் என்று தெரியாதவளா அவள்? அவருக்குக் கோபம் வர வேண்டிய இடம் அது. வந்தது வெட்கம்தான். அதற்குப் பின்னாலேயே, அவள் இத்தனை நாள் தன்னோடுதான் இருந்திருக்கிறாள் என்று ஒரு சந்தோஷமும் வந்தது.

"முதல்லயே தெரியுமா ஒனக்கு?"

"கீரைக்கும் இப்படித்தானே அடியில வெள்ளை வரும். துண்டுல மூட்டை கட்டுன அன்னைக்கே தெரியும்."

"அன்னைக்கே கேட்டிருந்தா எடம் ஒனக்கு வந்திருக்கும். செடி பாட்டுக்குச் செத்துத் தொலைஞ்சிருக்கும். எதுக்கு இம்புட்டுப் பாடு?"

அவள் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"செடி என்ன தப்புப் பண்ணுச்சு? வழக்கு நமக்குள்ளதானே. அதுவுமில்லாம, தோத்துப்போயிருந்தா நீங்க விடுவீங்களா? வெதை சரியில்ல, பனி சரியில்லன்னு மறுவருசமும் அங்கதான் நட்டிருப்பீங்க. ஜெயிச்சுட்டீங்க. மனசு ஆறிப்போச்சு. இனிமே விட்டுருவீங்க."

ஆண்டியப்பன் இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். யோசித்துப் பார்த்தால் உண்மையாகவே மனசு ஆறித்தான் போயிருந்தது. வேப்பமரத்துக்குக் கீழே அந்த இடம் இத்தனை வாரமாகக் காலியாகவா கிடக்கும், யாராவது பிடித்துக்கொண்டிருப்பார்களே என்று கவலையோடு கேட்டார். யாரும் பிடிக்கவில்லை, கேட்டு வைத்திருக்கிறேன் என்றாள். அதைச் சொல்லும்போது பல மாதத்துக்குப் பிறகு அவள் குரல் பழையபடி உயர்ந்திருந்தது. அதற்காகவே பாத்தியை இன்னொரு தடவை தோற்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

பஸ்ஸை விட்டு இறங்கி, நீல வீட்டைத் தாண்டிக் கிணற்றடிக்குப் போனார்கள். தானாக விட்டுக்கொடுத்தது போலவாவது இருக்கட்டும் என்று ஆண்டியப்பன் தோளைத் தூக்கிக்கொண்டு, நல்ல நாள் பார்த்து விதைக்கலாம், பொடி விதை தூவுவதற்கு மணல் சலித்துக் கலக்க வேண்டும், அந்த வேலையை நானே செய்து தருகிறேன் என்று பெரிய மனசோடு அறிவித்தார்.

அமிர்தவல்லி துவைகல்லுக்குப் பின்னாலிருந்து மூடி வைத்த ஒரு கலயத்தை எடுத்தாள். கீரை விதை மணலோடு கலந்து தயாராக இருந்தது.

"இதை எப்ப கலந்தே?"

"எங்க வீட்டுக்காரர் செடிக்குச் சீக்கே வரலையாம், அதிர்ஷ்டக்காரர்னு சொல்லி மைக்கைக் குடுங்கன்னு மரியசெல்வம் தம்பிகிட்டப் போயிச் சொல்லிட்டு வந்தேனே, அன்னைக்கு."